சாக்கடை தினமும் வருகிறது. மீன் ஏன் ஒரே நாளில் சாகிறது?

ஐப்பசியின் முதல் பெருமழை ஓய்ந்த மறுநாள் காலை, சென்னை அடையாற்றின் முகத்துவாரத்தில் மடவை மீன்கள் வெள்ளை வயிறு தெரிய மிதக்கும் படம் செய்தித்தாளில் வருவதுண்டு. வேறு சில ஆண்டுகளில் ஆறு கடலைச் சேரும் பட்டினப்பாக்கம் கரையில் நுரை மலைபோல் குவியும். 2019 கடைசியில் அந்த நுரைக்குள் குழந்தைகள் விளையாடிய படங்கள் உலகம் முழுக்கப் பரவின. செய்திக்கு அடியில் "கழிவுநீர் கலந்ததே காரணம்" என்று ஒரு வரி இருக்கும்.

அந்த வரியில் பொய் இல்லை, ஆனால் அது பாதி விளக்கம்தான். கழிவுநீர் சித்திரையிலும் வருகிறது, தையிலும் வருகிறது. தினமும் வரும் ஒன்று, மீனை ஏன் குறிப்பிட்ட ஒரு நாளில் மட்டும் கொல்ல வேண்டும்? ஆற்றில் தண்ணீரே இல்லாத கோடையில் சாகாத மீன், புது வெள்ளம் வந்ததும் ஏன் சாகிறது? இதற்கு வேதியியல் மட்டும் பதில் சொல்லாது. தண்ணீர் எப்படி நகர்கிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது, மேல்நீரும் அடிநீரும் கலக்கின்றனவா என்ற இயற்பியல் கேள்விகளிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் சில சொற்கள்

ஆறு கடலோடு சேரும் இடத்தில், ஓரளவு நிலத்தால் சூழப்பட்டு, கடல்நீரும் நன்னீரும் கலக்கும் நீர்ப்பரப்பே கழிமுகம். அதன் வாயை நாம் முகத்துவாரம் என்கிறோம். கடல் மட்டம் ஏறி இறங்குவது ஓதம். வங்கக் கடலில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சென்னையில் ஏற்ற இறக்க வேறுபாடு ஏறத்தாழ 1 மீட்டர். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் அதில் பாதிகூட இருக்காது.

நீரோட்டத்தை எதிர்த்து நீந்த வலுவில்லாமல் அதன் போக்கில் போகும் உயிர்களுக்கு மிதவை உயிரிகள் என்று பெயர். சூரிய ஒளியில் உணவு தயாரிக்கும் நுண்பாசிகள் ஒரு வகை. அவற்றைத் தின்னும் நுண்விலங்குகள் இன்னொரு வகை. நண்டு, இறால், மீன் ஆகியவற்றின் குஞ்சுப் பருவங்களும் சில காலம் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கின்றன. பாக்டீரியாக்கள் இவற்றைவிடச் சிறியவை. செத்ததையும் கழிவையும் சிதைப்பது அவற்றின் வேலை, அந்த வேலைக்கு அவை செலவழிப்பது நீரில் கரைந்த ஆக்சிஜனை.

வளர்ச்சிக்கும் வெளியேற்றத்துக்கும் நடக்கும் ஓட்டப்பந்தயம்

நீரோடு நகரும் உயிருக்கு ஒரே பெரிய சிக்கல்தான்: நீர் போனால் அதுவும் போய்விடும். கழிமுகத்தில் அது நிலைக்க வேண்டுமானால், நீர் வெளியேறும் வேகத்தைவிட வேகமாகப் பெருக வேண்டும். அமெரிக்கக் கடலியலாளர் போஸ்ட்விக் கெட்சம் 1954இல் இதைக் கணக்காகவே எழுதிக் காட்டினார். தாளில் நாமும் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு லிட்டர் நீரில் 1,000 நுண்பாசிச் செல்கள் இருக்கின்றன, அவை நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். வெப்பமான நீரில் இது மிகையான வேகமல்ல. பத்து நாள் கழித்து என்ன ஆகும்?

1. ஓதம் தினமும் கழிமுக நீரில் 60 சதவீதத்தை மாற்றிவிட்டால், லிட்டருக்குச் சுமார் 107 செல்கள். பாசி தோற்றுவிட்டது.
2. தினமும் 50 சதவீதம் மாறினால், அதே 1,000.
3. தினமும் 20 சதவீதம் மட்டும் மாறினால், சுமார் 1,10,000.
4. முகத்துவாரம் அடைபட்டு எதுவுமே மாறாவிட்டால், 10,24,000.

இந்த நான்கிலும் கழிவின் அளவை நாம் மாற்றவே இல்லை. பாசியின் இனம், வெயில், உரச்சத்து எதுவும் மாறவில்லை. மாறியது நீர் தங்கும் காலம் மட்டும். தெளிந்த நீருக்கும் பச்சைக் குழம்புக்கும் இடையே உள்ள பத்தாயிரம் மடங்கு வேறுபாட்டை அந்த ஒன்றே தீர்மானித்துவிட்டது. உண்மையில் உணவுச்சத்து தீரும், நுண்விலங்குகள் மேயும், பாசி தன்மேலேயே நிழல் விழுத்திக்கொள்ளும். அதனால் எண்ணிக்கை இப்படித் தடையின்றி ஏறாது. ஆனால் திசை இதுதான்.

பாக்டீரியாவுக்கும் இதே கணக்குதான். ஆனால் கழிவுநீர் மிகுந்த வெப்பமான நீரில் அவற்றுள் பல, சில மணி நேரத்திலேயே இரட்டிக்கக்கூடியவை. பாசி தோற்கும் அளவுக்கு ஓதம் கழுவும் இடத்திலும் அவை தாக்குப்பிடித்துவிடுகின்றன.

வாயை மூடும் மணல்

அப்படியானால் நீர் தங்கும் காலத்தை எது தீர்மானிக்கிறது? அடையாற்றில் அந்த அதிகாரம் முகத்துவார மணலின் கையில் இருக்கிறது.

சோழமண்டலக் கரையில் அலைகள் கரையைச் சாய்வாக அடிக்கின்றன. ஏறத்தாழ மார்ச் முதல் அக்டோபர் வரை மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். வடகிழக்குப் பருவக்காற்றின் மாதங்களில் திசை திரும்பும். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வடக்கே போவதே அதிகம். இதற்குக் கண்ணுக்குத் தெரியும் சாட்சி மெரினாதான். 1876இல் சென்னைத் துறைமுகத்தின் கட்டுமானம் தொடங்கிய பிறகு, வடக்கே போக வழியில்லாத மணல் துறைமுகத்தின் தெற்கே சேர்ந்து சேர்ந்து கடற்கரை அகன்றது. வடக்கே இராயபுரம் பக்கம் மணல் வராமல் கடல் நிலத்தை அரித்தது.

அதே மணல் பெசன்ட் நகர் கரையைத் தாண்டி அடையாற்றின் வாய்க்கு வரும்போது, அதைத் தள்ளிவிட ஆற்றில் ஓட்டம் இருக்க வேண்டும். அடையாறு சுமார் 42 கிலோமீட்டர் நீளமுள்ள சிறிய ஆறு. மழை இல்லாத மாதங்களில் அதில் இயற்கையான ஓட்டம் என்று சொல்ல ஏதுமில்லை. வருவது பெரும்பாலும் நகரத்தின் கழிவுநீர். 1 மீட்டர் ஓதம் மட்டும் அந்த மணலோடு மல்லுக்கட்ட முடியாது. வாய் குறுகும், சில நேரம் முழுதாக மூடும். நீர்வளத்துறை பொக்லைன் கொண்டுவந்து வெட்டும். சில வாரத்தில் மீண்டும் அடைக்கும்.

வாய் குறுகினால் ஓதத்தின் வீச்சும் உள்ளே சுருங்கிவிடும். வெளியே கடல் 1 மீட்டர் ஏறினாலும், குறுகிய வாய் வழியே நீர் புகுந்து உள்ளே மட்டம் உயர்வதற்குள் கடல் இறங்கத் தொடங்கிவிடும். உள்ளே வருவது ஒரு சாண் ஏற்றமாகத் தேய்ந்துபோகும். மேலே சொன்ன கணக்கில் முதல் வரியில் இருந்த கழிமுகம் மூன்றாம், நான்காம் வரிகளுக்கு இறங்குவது இப்படித்தான்.

மேல்நீர், அடிநீர்

இதற்கு மேல் இன்னொரு சிக்கலும் உண்டு. சென்னைக் கரையோரக் கடல்நீரில் கோடையில் லிட்டருக்கு 33, 34 கிராம் உப்பு இருக்கும். அதனால் ஆயிரம் லிட்டர் கடல்நீர், அதே அளவு நன்னீரைவிடச் சுமார் 25 கிலோ கூடுதல் எடை. எனவே ஆற்றுநீர் மேலே மிதக்கும், கடல்நீர் அடியில் படுக்கும். காற்றோ ஓதமோ வலுவாகக் கலக்காவிட்டால் இரண்டும் தனித்தனி அடுக்குகளாகவே கிடக்கும்.

இதன் விளைவை ஆக்சிஜனில் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 28 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் அதிகபட்சம் 8 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாகத்தான் கரைத்து வைத்துக்கொள்ளும். கடல்நீர் அதைவிடவும் குறைவாக, 6 சொச்சம். மீன் வாழும் உலகில் மூச்சுக்காற்று எப்போதுமே பற்றாக்குறைதான். அசையாத நீரில் ஆக்சிஜன் தானாகப் பரவி 1 மீட்டர் ஆழம் சேர ஆண்டுக்கணக்கில் ஆகும். அலையும் ஓதமும் கலக்கிக் கீழே கொண்டுபோவதால்தான் அடியில் உயிர் இருக்கிறது. கலக்கல் நின்றால், அடிநீருக்குக் காற்று வரும் கதவு மூடிவிட்டது என்று பொருள்.

மறுபக்கம் செலவைப் பாருங்கள். சுத்திகரிக்காத வீட்டுக் கழிவுநீர் ஒரு லிட்டரைச் சிதைக்க பாக்டீரியாக்களுக்குச் சுமார் 250 மில்லிகிராம் ஆக்சிஜன் தேவை. அதாவது ஒரு லிட்டர் கழிவு, முழு ஆக்சிஜனோடு இருக்கும் 35 லிட்டர் கழிமுக நீரின் மூச்சைத் தீர்த்துவிடும்.

ஆக்சிஜன் தீர்ந்த பிறகும் பாக்டீரியாக்கள் நிற்பதில்லை, வேறு இனங்கள் வேலையைக் கையில் எடுக்கின்றன. கடல்நீரில் லிட்டருக்கு 2.7 கிராம் சல்பேட் இருக்கிறது. ஆக்சிஜனுக்குப் பதில் அதைப் பயன்படுத்தும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிடுகின்றன. இறக்கத்தின்போது திரு.வி.க. பாலத்தின் மேல் போகிறவர்கள் மூக்கைப் பொத்தும் அந்த அழுகிய முட்டை நாற்றம் இதுதான். சேற்றில் காலை வைத்து எடுத்தால், மேலே விரற்கடை ஆழத்துக்குப் பழுப்பு, அதன் கீழே கரிக் கறுப்பு. சல்பைடு இரும்போடு சேர்ந்த நிறம் அது. அந்தக் கறுப்புச் சேறு ஆக்சிஜனைப் பொறுத்தவரை கடன் மூட்டை. என்றாவது ஒருநாள் கலங்கினால், பட்ட கடனையெல்லாம் மேலே இருக்கும் நீரிடமிருந்து ஒரே நேரத்தில் வசூலித்துவிடும்.

மீன் சாகும் நாள்

இப்போது தொடக்கக் கேள்விக்கு வரலாம். பல வாரங்களாகச் சேர்ந்தவை ஒரு சில மணி நேரத்தில் வந்து கூடுகின்றன.

1. கோடை முடியும்போது வாய் குறுகியிருக்கிறது, நீர் தங்குகிறது. கழிவின் உரச்சத்தில் பாசி பெருகிவிட்டது. பகலில் அது ஆக்சிஜன் விடும். இரவில் அதுவும் சுவாசிக்கும். விடியலுக்குச் சற்று முன்புதான் ஆக்சிஜன் மிகக் குறைவு. அந்த நேரத்தில் மடவைகள் நீர்ப்பரப்புக்கு வந்து, வாயை மேல்நோக்கிப் பிளந்து, காற்றோடு ஒட்டியிருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும். பார்ப்பவர்களுக்கு மீன் துள்ளி விளையாடுவதுபோல் தெரியும்.
2. மழைமேகம் இரண்டு நாள் மூடுகிறது. வெயில் இல்லாததால் பகலிலும் பாசி ஆக்சிஜன் தருவது குறைகிறது. இரவுச் செலவு மட்டும் அப்படியே தொடர்கிறது.
3. முதல் மழை, மாதக்கணக்கில் மழைநீர் வடிகால்களிலும் பக்கிங்காம் கால்வாயிலும் தேங்கிய அழுக்கை ஒரே மூச்சில் கொண்டுவந்து தள்ளுகிறது.
4. அந்த வேகம் அடிச்சேற்றைக் கிளறுகிறது. சல்பைடு மேலே வந்து, மிச்சமிருந்த ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்கிறது. சல்பைடே மீனுக்கு நஞ்சும்கூட.
5. தப்பிக்கக் கடலுக்கு ஓட வேண்டும். வாய் இன்னும் மணலால் குறுகியே இருக்கிறது.

லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே ஆக்சிஜன் இறங்கினால் பெரும்பாலான மீன்களால் தாங்க முடியாது. ஐந்து வரிகளும் ஒரே இரவில் கூடும்போது அது பூச்சியத்தை நெருங்கிவிடுகிறது. கொன்றது அன்றைய கழிவு மட்டுமல்ல, பல மாதம் வெளியேறாமல் தங்கிய கழிவும் சேர்ந்துதான்.

இரண்டு நாள் கழித்து வெள்ளம் வலுத்து மணலை உடைத்துக்கொண்டு போகும். அதன் பிறகு உள்ளே நீர் தெளியும், சேதி கரைக்கு மாறும். சோப்புத் தூளின் வேதிப்பொருட்களும், செத்த பாசியிலிருந்து கரைந்த புரதங்களும் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கின்றன. அந்த நீரை அலை அடித்துக் காற்றைப் புகுத்தும்போது குமிழி உடையாமல் நிற்கிறது. பட்டினப்பாக்கத்து நுரை அதுதான். நுரையைப் பிடித்து விளையாடும் குழந்தையின் கையில் இருப்பது ஆறு மாதத்து அடையாறு. அதில் குளிக்கவிடக் கூடாது என்பதை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

நோய்க்கிருமிகளுக்கு நிழல் தருவது யார்?

மனிதக் குடலிலிருந்து வரும் பாக்டீரியாக்கள் கடலில் நீடித்து வாழப் பிறந்தவை அல்ல. தெளிந்த உப்புநீரில், நண்பகல் வெயிலில், அவற்றில் பெரும்பகுதி சில மணி நேரத்தில் செத்துவிடும். வெயிலின் புற ஊதாக் கதிரும் உப்பும் சேர்ந்து முடித்துவிடுகின்றன. கலங்கல் நீரில் அது நடப்பதில்லை. ஒளி ஒரு முழம்கூட இறங்காத இடத்தில் அதே பாக்டீரியாக்கள் நாட்கணக்கில் உயிரோடு இருக்கும்.

கழிமுகம் ஏன் கலங்கலாக இருக்கிறது என்பதற்கும் உப்பு ஒரு காரணம். ஆற்றுநீரில் வரும் களிமண் துகள்கள் ஒரே வகை மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியே மிதக்கும். சிறிதளவு உப்பு கலந்ததும் அந்தத் தள்ளல் தணிந்து, துகள்கள் ஒட்டித் திரள்களாகிக் கீழே இறங்கும். ஓதம் அவற்றை மறுபடி தூக்கும். பாக்டீரியாக்கள் இந்தத் திரள்களில் ஏறிக்கொள்கின்றன. அங்கே உணவும் உண்டு, வெயிலுக்கு மறைப்பும் உண்டு. இறக்கத்தில் சேற்றோடு படுத்து, அடுத்த பெரிய ஓதத்தில் எழுந்து வருகின்றன. கழிவு வருவது நின்ற பிறகும் சில நாட்கள் கிருமி எண்ணிக்கை குறையாததற்குச் சேற்றின் இந்தச் சேமிப்பும் ஒரு காரணம்.

வெளியிலிருந்து வராமல், கழிமுகத்தையே சொந்த ஊராகக் கொண்ட கிருமிகளும் உண்டு. விப்ரியோ குடும்பம் அத்தகையது. காலராக் கிருமியும் அதில் ஒன்று. மிதமான உப்பும் வெப்பமும் அதற்குப் பிடிக்கும். தனியாக மிதப்பதைவிட, துடுப்புக்காலிகள் என்ற நுண்விலங்குகளின் ஓட்டில் ஒட்டி வாழ்வதையே விரும்பும். இதை ஆராய்ந்த அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல்லின் குழுவினர் வங்கதேசக் கிராமங்களில் ஓர் எளிய சோதனை செய்தார்கள். பழைய சேலையைப் பல மடிப்பாக மடித்துக் குடிநீரை வடிகட்டச் சொன்னார்கள். பாக்டீரியா சேலையின் இழைகளுக்குள் எளிதாக நுழைந்துவிடும், அது ஏறியிருக்கும் துடுப்புக்காலி நுழையாது. 2003இல் வெளியான முடிவின்படி, வடிகட்டிய வீடுகளில் காலரா ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது.

எந்தப் பாசி வெல்லும்

பாசியின் அளவை மட்டுமல்ல, இனத்தையும் நீரின் அசைவே தேர்ந்தெடுக்கிறது. டயாட்டம் என்ற பாசிக்குச் சிலிக்காவால் ஆன கனமான ஓடு. நீர் கலங்கிக்கொண்டிருந்தால்தான் அது ஒளியில் நிற்கும், இல்லையேல் மூழ்கும். சாட்டைபோன்ற இழையால் தானே நீந்தும் பாசிகளுக்கு அமைதியான, அடுக்கடுக்கான நீர் வசதி: பகலில் மேலே ஒளிக்கு, இரவில் கீழே சத்துக்கு. ஸ்பெயினின் சூழலியலாளர் ரமோன் மார்கலெஃப் 1978இல் இதைத் தெளிவாக வரைந்து காட்டினார். டயாட்டம் பெரும்பாலும் நல்ல மீன் உணவு. நீந்தும் வகைகளில்தான் நச்சுப் பாசிகள் அதிகம். வாய் அடைபட்ட கழிமுகம் பாசியைப் பெருக்குவதோடு, தவறான பாசிக்கும் இடம் கொடுக்கிறது.

நீந்தத் தெரியாதவற்றின் தந்திரம்

ஓட்டத்தை எதிர்க்க முடியாத உயிர் அதே ஓட்டத்தைப் பயன்படுத்திக்கொள்வதுதான் இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சு வளர வேண்டியது கழிமுகத்தில். அரை விரல் நீளம்கூட இல்லாத அந்தக் குஞ்சு எப்படி உள்ளே வரும்? ஏற்றத்தில் அடியிலிருந்து எழுந்து ஓடும் நீரில் ஏறிக்கொள்கிறது. இறக்கம் தொடங்கியதும், ஓட்டம் மெதுவாக இருக்கும் அடித்தரைக்கு இறங்கிவிடுகிறது. ஒவ்வோர் ஓதத்திலும் சில நூறு மீட்டர் உள்ளே. நண்டுக் குஞ்சுகளும் துடுப்புக்காலிகள் பலவும் இதே முறையில்தான் இடம் பிடிக்கின்றன. உப்பு, அழுத்தம், ஒளி ஆகியவற்றின் மாற்றமே அவற்றுக்கு அடையாளம்.

முகத்துவாரம் அடைபட்டால் இந்தப் பயணம் மொத்தமும் நின்றுவிடும். பழவேற்காட்டு மீனவர்கள் தங்கள் முகத்துவாரம் தூர்ந்துபோவதை வாழ்வுப் பிரச்சினையாகப் பேசுவது இதனால்தான். அடியில் ஆக்சிஜன் இல்லாவிட்டாலும் குஞ்சின் பயணம் நின்றுவிடும். ஒதுங்கப்போன இடமே குஞ்சைக் கொன்றுவிடும்.

அளவெடுப்பதில் நடக்கும் பிழை

இவ்வளவும் உண்மையென்றால், "அடையாற்றில் ஆக்சிஜன் இவ்வளவு" என்று ஒற்றை எண்ணைச் சொல்வதற்குப் பொருளே இல்லை. காலை 11 மணிக்கு, ஏற்றத்தில், மேல்நீரை மொண்டால், வெயிலில் வேலை செய்யும் பாசியும் புதுக் கடல்நீரும் சேர்ந்து நல்ல எண்ணைக் காட்டும். அதே இடத்தில் விடியற்காலை 5 மணிக்கு, இறக்கத்தில், அடிநீரை எடுத்தால் கிடைப்பது வேறோர் ஆற்றின் கதை. மாதிரி எடுத்த நேரம், ஓதத்தின் நிலை, ஆழம், உப்பு ஆகிய நான்கையும் சேர்த்து வெளியிடாத அறிக்கையை நம்பி எந்த முடிவுக்கும் வரக் கூடாது. அடிநீரில் நிலையாகப் பொருத்திய ஆக்சிஜன் மானி ஒன்று, மாதம் ஒருமுறை எடுக்கும் பத்து மாதிரிகளைவிட அதிகம் சொல்லும்.

முகத்துவாரத்தை வெட்டுவதும் கழிவைத் தடுப்பதும் ஒன்றல்ல. வெட்டினால் கழிவு கடலுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவே. கழிவை நிறுத்துவதுதான் கடமை. அது நிறைவேறும் வரை வாயைத் திறந்து வைப்பது மீனுக்கு மூச்சு. ஆனால் மீன் மிதந்த பிறகு பொக்லைனை அனுப்புவது தாமதம். முதல் மழைக்கு முன்பே வெட்ட வேண்டும். அதற்குரிய நாள் அமாவாசையோ பௌர்ணமியோ ஒட்டியது. நேரம், உச்ச ஏற்றம் முடிந்து கடல் இறங்கத் தொடங்கும் தருணம். அப்போதுதான் உள்ளே நிற்கும் மட்டத்துக்கும் வெளியே இறங்கும் கடலுக்கும் வேறுபாடு மிகுந்து, பாயும் நீரே வெட்டிய வாய்க்காலை ஆழமாக அரித்துக்கொள்ளும். அஷ்டமியன்று வெட்டினால், அரிக்க வலுவில்லாத அந்தச் சிறு ஓட்டத்தை மணல் சில நாளிலேயே மூடிவிடும்.